விளிம்பிலிருந்து ஒரு மீட்டர்

கவுன்சிலின் திட்ட அனுமதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து சேருகிற முறைப்பாடுகளில் பல, கூரைகளைப் பற்றியவையாகத்தான் இருக்கும். மின்சாரக் கட்டணம் கூடிய பிறகு லண்டன் முழுவதும் சோலார் பனல்கள் கூரையேறிவிட்டன. சரிந்த ஓட்டுக் கூரையில், கடைகளின் தட்டைக் கூரையில், தோட்டத்துக் கொட்டிலின் தலையில் எல்லாம் இருக்கின்றன. சிலர் பல்கனிக் கம்பியிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் அதைப் படமெடுத்து அனுப்புவார். நீங்கள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புறப்படுவீர்கள்.

விதிகள் உங்களுக்குத் தெரியும். தெரியாத யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறிய அளவிலான பனல்களுக்குப் பெரும்பாலும் தனி அனுமதி தேவையில்லை, சில நிபந்தனைகளுக்குள் இருந்தால். கூரையிலிருந்து அளவுக்கு மிஞ்சி உயரக்கூடாது. கடை போன்ற கட்டடங்களின் கூரையில் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழைய தெருக்களில் இன்னும் கட்டுப்பாடு உண்டு. நிபந்தனையை மீறினால் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம், அல்லது திருத்திக்கொள்ளலாம். நாங்கள் கடிதம் அனுப்புவோம், அவகாசம் கொடுப்போம், மறுபடி போய்ப் பார்ப்போம். இந்த வேலையில் அவசரம் என்று ஒன்று கிடையாது. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லப்போகிறேன். எந்தக் கவுன்சில், எந்தத் தெரு என்பது வேண்டாம். கிழக்கு லண்டன், இல்ஃபோர்ட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் இதைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியாகிவிட்டது. அந்த அறிக்கைகளில் என் பயம் எங்கேயும் இல்லை. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை அது. ஒரு கடைத்தெருவில் தமிழ்ப் பலசரக்குக் கடை ஒன்றின் கூரையில் பனல்கள் வீதியோரம்வரை வந்து நிற்கின்றன, பின்னேர வெயில் அவற்றில் பட்டு எதிர்வீட்டு அறைக்குள் அடிக்கிறது என்று முறைப்பாடு வந்திருந்தது. தமிழ்க் கடை என்றதும் வழக்கம்போல அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. உங்களுக்கும் வரும். பழகிக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு நாங்கள் அவருடைய ஆள், அலுவலகத்துக்கு நாங்கள் அலுவலகத்தின் ஆள். இருவருமே ஏதாவது ஒரு நேரத்தில் ஏமாந்துபோவார்கள்.

கடையின் சொந்தக்காரர் பெயர் தவம் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, மற்றவர்களின் கடைகளில் சாமான் இறக்கி, பிறகு மனைவி சுகந்தியோடு சேர்ந்து சொந்தமாகக் கடை போட்டவர். நான் போனபோது கடைக்கு முன்னால் வாழைக்குலைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் அக்கா என்று கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னார். நான் முதலில் கூரையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

பின்பக்கம் ஒரு இரும்புப் படி கூரைக்கு ஏறியது. பனல்கள் நிரையாக, பளபளவென்று இருந்தன. பின்பாதியில் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழுந்து கிடந்தது. அதனால்தான் பொருத்தியவர்கள் வெயிலைத் தேடி முன்னுக்குப் போயிருந்தார்கள். முன்வரிசைக்கும் வீதிக்கும் நடுவே ஒரு மீட்டர் அல்ல, ஒரு முழம்கூட இல்லை. வீதிப் பக்கமாகக் கூரை விளிம்பில் செங்கல்லால் எழுப்பிய பழைய சுவர் ஒன்று என் இடுப்பளவுக்கு நின்றது. பனல்களைத் தாங்கும் சட்டத்தின் முன்கால்கள் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தன. பின்கால்களில் பாரத்துக்காகக் கொங்கிரீட் கட்டிகள் வைத்திருந்தார்கள். அவற்றில் சில வெடித்திருந்தன.

அளவெடுத்தேன், படமெடுத்தேன். விதி மீறப்பட்டிருக்கிறது, கடிதம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். திரும்பிப் போக நினைத்தபோது ஒரு சத்தம் கேட்டது. டக், டக் என்று மெதுவாக. சின்னக் காற்றுத்தான் வீசியது. காற்று வரும்போதெல்லாம் சட்டம் ஒரு மயிரிழை எழும்பி மறுபடி சுவரில் இடித்தது. நான் குனிந்து பார்த்தேன். சுவர் கூரையோடு சேரும் அடியில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. அது பழைய வெடிப்பா, புதியதா என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அழுத்திப் பார்க்கப் பயமாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

எட்டிக் கீழே பார்த்தேன். சுவருக்கு நேர்கீழே கடையின் வாசல். சுகந்தி அங்கே மேசை போட்டு, அடுத்த நாள் பலகாரம் விற்பதற்கு இடம் ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். தீபாவளிச் சனிக்கிழமை அந்த வாசலில் சனம் வரிசையில் நிற்கும். அதே சனிக்கிழமைக்குப் பலத்த காற்று வீசும் என்று மஞ்சள் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. காலையில் பஸ்ஸில் வரும்போது தொலைபேசியில் அதைப் பார்த்து, குடையை மறக்கக்கூடாது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் உங்கள் அதிகாரம் என்ன என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். திட்ட அனுமதிப் பிரிவுக்குக் கட்டடம் எப்படித் தெரிகிறது, எங்கே நிற்கிறது என்பதில்தான் கேள்வி. அது விழுமா என்பது பில்டிங் கண்ட்ரோல் என்ற வேறு பிரிவின் கேள்வி. ஒரு கடையை மூடு என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்ததில்லை.

பில்டிங் கண்ட்ரோலில் எனக்குத் தெரிந்த ஒரு பரிசோதகர் இருந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், அதிகம் பேசாதவர். நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டவற்றில் பாதி அவர் பின்னால் நடந்து கற்றது. அவரை அழைத்தேன். அவர் அன்று வேறொரு இடத்தில், நிலவறை தோண்டியதால் பக்கத்து வீட்டுச் சுவர் சரிந்துபோன குழியொன்றின் ஓரத்தில் நின்றார். அந்த வீட்டுக்காரர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். படங்களை அனுப்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைத்தார். படத்தை வைத்துத் தன்னால் எதுவும் சொல்ல முடியாது, இப்போதே விழப்போவதுபோலத் தெரியவில்லை, இந்த இடத்தை விட்டுத் தன்னால் அசைய முடியாது, திங்கட்கிழமை முதல் வேலையாக வருகிறேன் என்றார். பிறகு, உனக்குப் பயமாக இருந்தால் அதன் கீழே ஆட்களை நிற்கவிடாதே என்றார். எந்த அதிகாரத்தில் என்று கேட்டேன். அதற்குள் அவரை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

என் மேலாளரை அழைத்தேன். என்னைவிட வயதில் இளையவர், கெட்ட மனிதர் அல்ல. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பரிசோதகர் ஆபத்து என்று சொல்லாதபோது நாங்கள் எப்படிச் சொல்வது? கடையை மூடவைத்து, ஒன்றும் நடக்காமல் போனால் நட்டத்துக்கு யார் பதில் சொல்வது? அது எங்கள் வேலை அல்ல, கடிதத்தை அனுப்பிவிட்டு வாருங்கள் என்றார். நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அந்த இரும்புப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குள் அப்போது இரண்டு பயங்கள் இருந்தன. இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் முதலில் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒன்று, அந்தச் சுவர் விழுந்துவிடுமோ என்ற பயம். மற்றது, விழாமல் போய் நான் எல்லோருக்கும் முன்னால் முட்டாளாகிவிடுவேனோ என்ற பயம். எது பெரிது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. சுவர் விழுவது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் தவத்தின் முகத்தைப் பார்த்துக் கடையைப் பூட்டு என்று சொல்வது, எழுந்து போனால் இதோ நடந்துவிடும். நடக்கப்போவது நிச்சயமான காரியத்துக்குத்தான் மனம் அதிகம் அஞ்சுகிறது. உங்களுக்கும் இது வரும். வரும்போது, எந்தப் பயம் உங்களைப் பற்றியது, எந்தப் பயம் மற்றவர்களைப் பற்றியது என்று மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சுலபமாகிவிடாது. ஆனால் எழுந்திருக்கலாம்.

எழுந்து கீழே போனேன்.

தவத்தை உள்ளே கூப்பிட்டு, அரிசி மூட்டைகள் அடுக்கிய இடத்தில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். முதலில் பனல்களைப் பற்றித்தான் வாதாடினார். பொருத்தியவன் அனுமதி தேவையில்லை என்றுதான் சொன்னான், இப்போது அவனுடைய தொலைபேசியும் வேலை செய்வதில்லை, குளிர்பெட்டிகள் இழுக்கிற மின்சாரத்துக்கு இது இல்லாமல் கடை நடத்த முடியாது என்றார். எதிர்வீட்டிலிருந்து யாரோ எரிச்சலில் எழுதியிருக்கிறார்கள் என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது. எழுதியது யார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

"பனல் எல்லாத்தையும் கழட்டச் சொல்லேல்லை. முன்வரிசையை உள்ளுக்குத் தள்ள வேணும். அதுக்கு உங்களுக்கு அவகாசம் இருக்கு. இப்ப நான் கேக்கிறது வேற. நாளைக்கு மட்டும் முன்வாசலால ஆக்களை விடாதேங்கோ" என்றேன்.

தவம் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு முகம் மாறியது.

"நாளைக்கு மட்டுமோ? அக்கா, வருசத்தில எனக்கெண்டு இருக்கிற நாளே நாளைக்குத்தான். அது விழுமெண்டு சொல்லுறீங்களோ?"

"தெரியாது."

"கவுன்சில் பூட்டச் சொல்லுதோ?"

"இல்லை. நான்தான் கேக்கிறன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கோபம்கூட அதிகம் இல்லை. வேற்றாள் ஒருவர் கடிதம் தந்துவிட்டுப் போயிருப்பார், எங்கட ஆள் வந்து எனக்குத் தீபாவளியை இல்லாமல் செய்கிறாரே என்கிற பார்வை. அதை அவர் சொல்லவும் செய்தார். சட்டத்தைச் சொல்லலாமென்றால் சட்டம் என் பக்கம் இல்லை. பயம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

சுகந்தி அவ்வளவு நேரமும் நிறுவைத் தராசின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த மனுசி, தணிந்த குரல். கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கவனிப்பதே குறைவு. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, நாளைக்கு நீங்கள் எங்கட கடைக்குச் சாமான் வாங்க வாறீங்கள் எண்டு வைப்பம். இந்த வாசலால உள்ளுக்கு வருவீங்களோ?"

அது இலேசான கேள்வி அல்ல. வருவேன் என்றால் நான் சொன்னதெல்லாம் பொய். வரமாட்டேன் என்றால் கவுன்சில் அதிகாரி ஒருவர் வாய்திறந்து ஆபத்து என்று சொன்னதாகிவிடும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்த ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொள்ளும். மேலாளரின் குரல் காதில் கேட்டது.

"வரமாட்டன்" என்றேன்.

சுகந்தி கணவனைப் பார்க்கவில்லை. பலகார மேசையைப் பின்னுக்குக் கொண்டுபோகும்படி வேலைக்கு நின்றவர்களிடம் சொன்னார். கடைக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கை ஓடியது. சாமான் இறக்கும் கதவு அதில்தான். அந்தக் கதவால் விற்பதென்று ஆயிற்று. தவம் வாழைக்குலைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அவர் சம்மதித்தாரா, மனைவியோடு எனக்கு முன்னால் சண்டை பிடிக்க விரும்பவில்லையா என்பது எனக்குத் தெரியாது.

கடை வாசலை அவர்கள் பூட்டலாம். நடைபாதை அவர்களுடையது அல்ல. வீதிப் பராமரிப்புப் பிரிவில் அன்று பணியிலிருந்த பெண்ணை அழைத்து, நடைபாதைக்குத் தடுப்பு வேண்டும் என்றேன். யாருடைய உத்தரவு என்று கேட்டாள். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவள் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லும்படி கேட்டாள். எங்களுடைய பெயர்களுக்கு அது எப்போதும் உள்ளதுதானே. அன்றைக்கும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை நாள் அல்ல. வீட்டில் இருக்க முடியவில்லை. காலையிலேயே கையில் குடையோடு அந்தத் தெருவுக்குப் போய், எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்றேன். கடைக்கு முன்னால் செம்மஞ்சள் தடுப்புகள். அவற்றில் பின்வாசலால் வரவும் என்று சுகந்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தார். காற்று அவ்வளவாக இல்லை. வானம் வெளித்திருந்தது. என் வாழ்நாளில் காற்று வீச வேண்டும் என்று விரும்பியது அன்று ஒருநாள்தான். விரும்பிய உடனேயே என்மேல் எனக்கு வெறுப்பு வந்தது.

சனம் வந்தது. தடுப்பைப் பார்த்தது. கடை பூட்டு என்று நினைத்துக் கொஞ்சப் பேர் அடுத்த தெருவிலிருந்த கடைக்குப் போனார்கள். தள்ளுவண்டியோடு வந்த வயதானவர்களுக்கு ஒழுங்கையில் சுற்றிப்போவது கஷ்டமாக இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம் தவம் மேலே கையைக் காட்டினார், பிறகு என் பக்கமாகக் கையைக் காட்டினார். பத்துப் பதினைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தொலைபேசியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

எதிர்ப்பக்கத்து மாடி வீட்டிலிருந்து ஒரு இளைஞர் இறங்கி வந்தார். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை. முறைப்பாடு அனுப்பியது அவர்தான். என்னிடம் வந்து தயங்கி நின்றார்.

"மேடம், வெயில் அடிச்சுக் குழந்தை தூங்க மாட்டேங்குதுன்னுதான் எழுதினேன். கடையை மூடணும்னு நான் கேக்கவே இல்ல. அவங்க நம்மளத் தப்பா நினைக்கப் போறாங்க."

அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது என் முடிவு என்றேன். அவர் போகவில்லை. என் பக்கத்திலேயே நின்று அவரும் கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்று அதே இடத்தைப் பார்ப்பது எவ்வளவு ஆறுதல் என்று அன்றுதான் தெரிந்தது.

மதியம் ஆகும்போது காற்று முழுதாக நின்றுவிட்டது. தடுப்பில் ஒட்டியிருந்த காகிதம்கூட அசையவில்லை. தவம் வாசலுக்கு வந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். தடுப்பு ஒன்றைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினார். அடுத்ததையும் சாத்தினார். தெருவைக் கடந்து போய் என்ன சொல்வது? போகாமல் நின்று எதைப் பார்ப்பது? போகத்தான் காலெடுத்தேன். அதற்குள் சுகந்தி உள்ளேயிருந்து வந்து, தடுப்பைத் தூக்கி மறுபடி பழைய இடத்தில் வைத்தார். தவம் மீண்டும் எடுத்தார். சுகந்தி மீண்டும் வைத்தார். வைத்துவிட்டு அவர் அங்கேயே தடுப்பின்மேல் கையூன்றி நின்றார். சுவருக்கு நேர்கீழே. அதைக் கண்டதும் தவம் மனைவியின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். தடுப்பு அப்படியே இருந்தது.

பின்னேரம் காற்று வந்தது. எச்சரித்த அளவுக்கு இல்லை. ஆனாலும் குப்பைத் தொட்டிகள் உருண்டன, என் குடை திரும்பிக்கொண்டது. கூரையில் அந்தச் சத்தம் எழுந்தது. டக், டக் என்று. தெருவின் இந்தப் பக்கம்வரை கேட்டது. ஒழுங்கையிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் தடுப்புகளுக்கு உள்ளே யாரும் இல்லை, யாரும் இல்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருட்டும் நேரத்தில் காற்று ஓய்ந்தது.

ஒன்றும் விழவில்லை. ஒரு செங்கல்கூட விழவில்லை.

தவம் பின்கதவைப் பூட்டிவிட்டு முன்பக்கமாக வந்தார். மிஞ்சிய பலகாரப் பெட்டிகள் வான் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. தெருவைக் கடந்து என்னிடம் வந்து, "இப்ப சந்தோசமோ, அக்கா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, களைத்துப்போய்க் கேட்டார். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

திங்கட்கிழமை ஸ்கொட்லாந்துக்காரர் சொன்னபடி வந்தார். கூரையில் வெகுநேரம் நின்றார். வெடிப்பில் எதையோ விட்டுப் பார்த்தார், சுவரின் சரிவை அளந்தார். முன்வரிசைப் பனல்களை உடனே எடுக்கவும், சுவரின் மேற்பகுதியை இறக்கிக் கட்டவும் எழுதிக் கொடுத்தார். அதுவரை தடுப்பு இருக்கட்டும் என்றார். இறங்கி வரும்போது அவரிடம் கேட்டேன், சனிக்கிழமை அது விழுந்திருக்குமா என்று. நின்று என்னைப் பார்த்தார்.

"நீ செய்தது சரி என்று என் வாயால் கேட்க விரும்புகிறாய். அதை என்னால் சொல்ல முடியாது. இன்னும் பத்து வருடம் நின்றிருக்கலாம். சனிக்கிழமையே விழுந்திருக்கலாம்" என்றார்.

அவர்மேல் அன்று எனக்குக் கோபம் வந்தது. ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கக் கூடாதா? இப்போது யோசித்தால், அவர் எனக்குச் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பொய்யை அவர் சொல்லியிருந்தால், அடுத்த தடவையும் யாராவது என்னைச் சரி என்று சொல்லும்வரை காத்திருந்திருப்பேன். விபத்து நடந்தால் விசாரணை வரும், காரணம் தெரியும், ஆட்கள் தெரிவார்கள். நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள். இந்த வேலையில் நீங்கள் எடுக்கப்போகும் நல்ல முடிவுகளில் பல அந்த மாதிரிதான் இருக்கும். அவை நல்ல முடிவுகள்தானா என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

தவம் என்மேல் முறைப்பாடு கொடுத்தார். கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது. விசாரித்தார்கள். மேலாளரும் இன்னொருவரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வரமாட்டன் என்று நான் சொன்ன சொல்லைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். சொல்லவில்லை என்று மறுத்திருக்கலாம். தவத்தையும் சுகந்தியையும் தவிர அதைக் கேட்டவர் யாரும் இல்லை, தமிழில்தான் சொன்னது. சொன்னேன் என்றே சொன்னேன். நல்லெண்ணத்தோடு, ஆனால் தன் பொறுப்பின் எல்லையைத் தாண்டி நடந்துகொண்டார் என்று என் பதிவில் எழுதினார்கள். அதில் பிழை இல்லை. தாண்டித்தான் நடந்தேன். அடுத்த பல மாதங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு தடவை வாசித்தேன். யாராவது மேலாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். தைரியமாக ஒரு காரியம் செய்தவர்கள் பிறகு நிமிர்ந்து நடப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் குனிந்துதான் நடந்தேன்.

அந்தக் கடைக் கோப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டு வேறொருவருக்குப் போனது. பனல்களை ஒரு வரிசை குறைத்து, உள்ளே தள்ளிப் போட்டார்கள் என்று அறிந்தேன். கோடை தொடங்கியபோது சுகந்தியை ஒரு பஸ் நிறுத்தத்தில் தற்செயலாகக் கண்டேன். அவரே வந்து பக்கத்தில் நின்றார். உடல்நலம் விசாரித்தார். கடையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அவருக்கு இன்னும் உங்களில கோவம்தான். நான் பொய் சொல்லேலாது. ஆனா அண்டைக்குப் பிறகு காத்தடிச்சா, சனம் நிக்க நிக்க, வெளியால போய் மேல பாத்திட்டுத்தான் வாறார்."

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிப் போனார்.

மேலாளரும் நானும் அந்த விசாரணைக்குப் பிறகு வேலை தவிர வேறு எதுவும் பேசியதில்லை. காலை வணக்கம் சொல்வோம், அவ்வளவுதான். அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் மறுபடி காற்று எச்சரிக்கை வந்தது. இந்தத் தடவை மஞ்சள் அல்ல, அதற்கு அடுத்த, இன்னும் கடுமையான நிறம். அலுவலகத்தில் எல்லோரும் ரயில் ஓடுமா, நேரத்தோடு வீட்டுக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என் மேசையில் இருந்து, கையிலிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே இரண்டு பயங்களும் திரும்பி வந்தன. இந்தத் தடவை வாயைத் திறக்க வேண்டாம் என்று ஒரு குரலும் கூடவே இருந்தது.

மேலாளர் வெளியே போகக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். நீங்கள் பார்த்த கூரைகளில் உங்களுக்குப் பயம் தருவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

பில்டிங் கண்ட்ரோல் இன்னும் எதையும் பார்க்கவில்லை, நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியாது என்றேன்.

அதை நான் கேட்கவில்லை என்றார்.

இரண்டு இருக்கின்றன என்றேன். அவர் என் கோட்டைக் கொளுவியிலிருந்து எடுத்துத் தந்துவிட்டு, எந்தக் கூரைக்கு முதலில் போவது என்று கேட்டார்.